மச்சானுக்குக் கொடுத்த முதல் பங்கு

பிள்ளைகளே, "கஞ்சாவை அரசாங்கம் அனுமதிச்சிட்டா, அப்பா வேலை பாக்குற சாராயக் கடையை மூடிருவாங்களா?" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு எழுந்துபோனேன். எனக்கு விளக்கமாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எஹலியகொட பஜாரில் எங்கள் கடைக்கு முன்னால் கம்பி வலை உண்டு. வலைக்கு உள்ளே நான், வெளியே ஊர். ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், வெளியே நின்றவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. நாளைக்கே பெட்டிக்கடையில் பீடி மாதிரி கட்டுக்கட்டாக விற்பார்கள் என்றார்கள்.

"அண்ணே, இனி நீங்க கடலதான் வறுக்கணும்," என்றான் ஒரு த்ரீவீல்காரன்.

"வறுக்கிறேன். நீதானே மொத கிராக்கி," என்றேன்.

முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாராய விலை ஏறியதிலிருந்தே வியாபாரம் மந்தம். "யார் யார் வர்றது நின்னுபோச்சுன்னு பாத்து வை," என்றார். பார்த்தேன். நின்றுபோனவர்களில் உங்கள் மாமாவும் ஒருவர்.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, வேலை முடிந்ததும் நேராக வலைக்கு வந்து கால் போத்தல் வாங்குகிறவர். மூன்று மாதமாகக் காணோம். "என் அண்ணனுக்கு ஒங்க கையாலயே ஊத்துறீங்க" என்று உங்கள் அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், அவர் வராதது எனக்கு நிம்மதிதான். ஆனால் ஏன் என்று போய்க் கேட்கவில்லை. "கஞ்சாவுக்குத் தாவிட்டாரு போல," என்று முதலாளியிடம் சொன்னேன்.

"பாத்தியா, ஆரம்பிச்சிருச்சு," என்றார் அவர்.

ஆடியில் முனியாண்டிப் படையல் வந்தது. சாமிக்கு வைக்கிற சாராயம் வருஷா வருஷம் என் பொறுப்பு. சுருட்டு, கோழிக்கறி, போத்தல் எல்லாம் வைத்துக் கும்பிட்ட பிறகு அந்தச் சாராயத்தைப் பங்கு வைப்போம். என் கையால் முதல் பங்கு, எனக்குப் பெண் கொடுத்த வீட்டுக்கு. சாமி பங்கை யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நான் கிளாஸை மாமாவிடம் நீட்டினேன். அவர் கை நீளவில்லை.

"மொதல்ல பெரியவங்களுக்குக் குடுங்க மாப்ள."

"எனக்கு நீங்கதான் மச்சான் பெரியவரு."

"கஞ்சா அடிக்கிற வாய்க்குச் சாராயம் எறங்காதோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியிடம் நான் சொன்னது அங்கே வரைக்கும் வந்திருந்தது. நானும் சிரித்தேன். மாமா சாமியைப் பார்த்தார். கிளாஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குடித்தார்.

மறுநாள் சாயங்காலம் வலைக்கு வெளியே நின்றார். "கால் ஒண்ணு, மாப்ள."

"கஞ்சா என்னாச்சு மச்சான்?"

"என்ன கஞ்சா? ஈரல் வீங்கிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எல்லாத்தையும் விட்டுட்டேன். சொல்லிட்டு விட்டா தெனம் என் வாயை மோந்து பாப்பீங்கன்னுதான் யாருகிட்டயும் சொல்லல. நேத்து சாமி முன்னாடி எப்படி மாப்ள மறுக்கிறது? ஒரு வாய் எறங்கினதும் பழையபடி நாக்கு கேக்குது."

அதற்குள் என் கை பழக்கத்தில் அலமாரி வரைக்கும் போயிருந்தது. இறக்கிக்கொண்டேன். "சரக்கு முடிஞ்சிருச்சு மச்சான்."

என் முதுகுக்குப் பின்னால் மூன்று தட்டு நிறையப் போத்தல்கள். அவர் அதை நிதானமாகப் பார்த்தார். "ஒங்களுக்குப் பொய்கூடச் சொல்ல வரலயே," என்று சிரித்துவிட்டு நடந்தார். பஜாரில் இன்னொரு சாராயக் கடையும் இருக்கிறது. அவர் அதைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறும் வரைக்கும் வலையில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியாது. கஞ்சா வந்தால் சாராயம் போகுமா என்று கடை முழுக்கப் பேசினோம். இரண்டும் வேண்டாம் என்று ஒருத்தர் விட்டிருப்பார் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி அன்றைக்கு, கடை லீவு. நான் மட்டும் முனியாண்டி மரத்தடிக்குப் போனேன். படையலுக்கு வைத்த கிளாஸ் அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. கழுவி, பிளாஸ்கில் கொண்டுபோன தேயிலைச் சாயத்தண்ணியை ஊற்றிச் சாமி முன்னால் வைத்தேன். ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அதை நானே குடித்தேன்.