பட்டியலில் நான் அழித்த வரி

என் மகள் கல்யாணத்தில் நான் ஒரு வரியை அழித்தேன். அழித்தவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்தால் எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிடும்.

போன வாரம் தம்பியின் பேத்தி தன் கல்யாண அழைப்போடு இன்னொன்றையும் கைபேசியில் அனுப்பியிருந்தாள். வெளியூர் விருந்தினருக்காக அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து போட்ட பட்டியல், தாம்பரத்தைச் சுற்றி அவர்களுக்குப் பிடித்த இடங்கள். படிக்கப் படிக்க என் மூக்கில் ஒயிட்னர் வாடை ஏறியது.

என் மகளும் மருமகனும் இப்படி ஒன்று போட்டார்கள், காகிதத்தில். இருவருக்கும் சிறுசேரியில் வேலை, பழக்கமும் அங்கேதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு காப்பிக் கடை, தம்ளர் விளிம்புக்கு மேலே நுரை நிற்கும். முடிச்சூர் ஏரிக்கரை, மாலையில் நாரைகள் இறங்கும். நானும் என் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே நடந்த கரை அது, நாரைகள் கண்டுகொண்டதில்லை. பொத்தேரியில் மாணவர்கள் மொய்க்கும் பரோட்டாக் கடை. கடைசி வரி: "கோவளத்தில் அம்மா வீடு. கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் எல்லாரும் மீன் சாப்பிட வாங்க."

அம்மா என்றது என் மருமகனின் தாய் பாக்கியத்தை. கூடையில் மீன் விற்று மகனை இன்ஜினியர் ஆக்கியவர்.

பட்டியலை நகலெடுத்து விருந்தினர் அறைகளில் வைப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, பிழை பார்த்தே பழகிய கை. ஜெராக்ஸ் கடையில் நின்றபடி கடைசி வரியின்மேல் ஒயிட்னர் தடவி, ஊதிக் காயவைத்து, முப்பது பிரதி எடுத்தேன். எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் மீன் சாப்பிடுகிறவர்கள். நான் இரண்டாம் துண்டு கேட்கிறவன். மீன் விற்கிற வீட்டில் போய் உட்காருவதுதான் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

மறுநாள் பாக்கியம் வஞ்சிரம் பொரித்து, பாய் விரித்துக் காத்திருந்தார். மணமக்கள் மட்டும் போனார்கள். மாலையில் விடுதி அறையில் கிடந்த தாளை மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நீங்களா?"

"தாள்ல இடம் பத்தலம்மா."

தாளின் அடியில் நான்கு விரல் அகலம் காலியாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அதன்பின் எட்டு மாதம் போனில் தன் அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

அந்த எட்டாவது மாதம் ஒரு காலையில் தனியாகக் கோவளம் போய்ப் பாக்கியத்திடம் செய்ததைச் சொன்னேன். மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கு பொரிச்சத தெரு முழுக்க குடுத்தேன். நாய்ங்ககூட போதும்னு ஓடிப்பூட்ச்சுங்க. இப்ப இன்னா பண்ணணும்றீங்க?"

எல்லாரையும் மறுபடி கூப்பிடுகிறேன் என்றேன்.

"கூப்புடுங்க. அன்னிக்கு ஏன் வரலன்றதையும் சேத்து சொல்லிக் கூப்புடுங்க."

முப்பது கடிதம் எழுதினேன். எத்தனையோ பையன்களிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியிருக்கிறேன். எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினோரு பேர் வந்தார்கள். யார் முகம் சுளிப்பாரென்று பயந்து அந்த வரியை அழித்தேனோ, என் அண்ணன், அவரே முதல் ஆளாக உட்கார்ந்து, "இந்த மீனையாடா எங்ககிட்டேருந்து மறைச்ச?" என்று கேட்டார். நானும் பாயில் உட்காரப் போனேன். பாக்கியம் மீன் தட்டை என் கையில் கொடுத்தார்.

"நீங்க குந்தாதீங்க சார். கூப்ட்டது நீங்க. நீங்களே போடுங்க."

போட்டேன். பின்னாலேயே குழம்புச் சட்டியோடு மகள் வந்தாள். "ஓரமா போங்கப்பா, கொட்டிடும்," என்றாள். எட்டு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. ஓரமாகப் போனேன்.

காப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. ஏரிக்கரையை ஒட்டி அடுக்குமாடிகள். கோவளத்து வீட்டை விற்றாயிற்று. பாக்கியம் மகன் வீட்டில் இருக்கிறார். நான் போனால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்ப்போம். முழங்கால் வலி, பேரன் படிப்பு என்று நிறையப் பேசுவோம். கல்யாணம் பேசிய நாட்களில் அவர் என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அந்தத் தாளுக்குப் பிறகு, இன்றுவரை, சார்தான்.