கிளெண்டாவின் பந்தை ஆடியவர்

வெர்லின் கோபாச் மெத்தை விற்பவர். அமெரிக்காவில், மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடையில், முன்பின் தெரியாதவர்களை நாள் முழுக்கப் படுக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் நின்றுகொண்டே இருப்பார். மாலையானால் ஹெர்ப் நடத்தும் மதுக்கடைக்கு வந்து மறுபடியும் நிற்பார். இந்தத் தடவை ஒரு பின்பால் விளையாட்டுப் பெட்டியின் முன்னால். அவர் உட்கார்ந்து பார்த்தவர் எங்களில் யாருமில்லை. அவர் மனைவி ஆர்லீனை ஒருமுறை கேட்டேன். "வீட்டுல எப்பங்க இருக்காரு, உக்கார்றதுக்கு?" என்றார். சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் வருத்தம் தெரிந்ததாக நான் சத்தியம் செய்யமாட்டேன்.

பின்பாலைப் பற்றி மரியாதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. சரிவாக நிறுத்திய ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஓர் இரும்புக் குண்டு. அதைத்தான் பந்து என்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் ஸ்பிரிங் பிடியை இழுத்து விட்டால் அது மேலே ஏறும். பந்து கீழே இறங்கப் பார்க்கும். ஆடுகிறவர் இரண்டு சின்ன மட்டைகளால் அதை மேலே தட்டப் பார்ப்பார். கடைசியில் பந்து நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் போய்விடும். எப்போதும் போய்விடும். முடிவு இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தும் காசு போடுகிற ஒருவர், வேறு எந்த விஷயத்தில் இப்படி நடந்துகொண்டாலும் வீட்டார் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். நாங்கள் லீக் போட்டி வைத்து ஆடவிட்டிருக்கிறோம்.

கோபாச் ஆட வருகிற அழகைப் பார்க்கவேண்டும். தோளில் ஒரு பை. பையிலிருந்து முதலில் வெளியே வருவது ரசமட்டம், கொத்தனார் வைத்திருப்பது போல. அதைப் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக் குமிழியைப் பார்ப்பார். "இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு, ஹெர்ப்." ஹெர்ப் கடையில் தரையே இடது பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேரும் அப்படித்தான். அடுத்து, கண்ணாடி துடைக்க மெத்தென்ற ஒரு துணி. அதை வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டார், மூக்குக் கண்ணாடிக்குக்கூட. பிறகு வலது கைக்கு மட்டும் விரல் நுனி வெட்டிய கையுறை. கடைசியாகக் காதுகளுக்கு ரப்பர் அடைப்பான். இத்தனையும் முடிந்து அவர் பந்தை இழுத்து விடுவதற்குள் நான் ஒரு தட்டு மீனைத் தின்றுமுடித்துவிடுவேன்.

எங்கள் பெட்டியின் பெயர் ஆழ்கடல் ராணி. நடுவில் ஒரு ஆக்டோபஸ் வாயைத் திறந்துகொண்டிருக்கும். அந்த வாய்க்குள் பந்தைப் போட்டால் அது மூன்று பந்தாக வெளியே துப்பும். அந்த வாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேச கோபாச்சால் முடியும். பேசியிருக்கிறார். நான் அங்கே இருந்தேன்.

லீக்கின் விதிகளை எழுதியவரும் அவரே. யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், அவை தாமாகவே தோன்றிவிட்டன. ஒருவர் பந்து ஆடும்போது மற்றவர் அவரிடம் பேசக்கூடாது. யோசனை, எச்சரிக்கை, பெருமூச்சு எதுவும் கூடாது. கண்ணாடி மேல் எந்தப் பொருளும் வைக்கக்கூடாது. முக்கியமானது கடைசி விதி: மாறி மாறி ஆடும்போது மறந்து அடுத்தவர் பந்தை ஆடிவிட்டால், ஆடியவருக்கு அந்த ஆட்டம் பூஜ்யம். எடுத்த புள்ளிகள் பந்துக்கு உரியவருக்கே சேரும்.

அந்தக் கடைசி விதியில் முதலில் மாட்டியவன் கூரை போடும் டூயி. போன வருஷம் ஒரு ஆட்டத்தின் நடுவே கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவன், வந்த வேகத்தில் எதிராளியின் பந்தை இழுத்து விட்டான். எதிராளியே, "பரவால்லப்பா, மறுபடி ஆடலாம்" என்றார். கோபாச் விடவில்லை.

"வாத்தியாரே, ஒரு பந்துதானே. விட்டுடுங்களேன்" என்றான் டூயி.

"ஒரு பந்துதான் டூயி. ஆனா அது உன்னோடது இல்ல."

டூயிக்குப் பூஜ்யம் போட்டார். அன்றிலிருந்து டூயி அவரை வாத்தியார் என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. மரியாதையில் அல்ல.

இத்தனை ஏற்பாடு செய்த மனிதர் லீக்கை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பதுதான் விசேஷம். மதுப்புட்டி அலமாரிக்கு மேலே ஒரு மரப்பலகை தொங்குகிறது. ஜெயித்தவர்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் பொறிக்கிற கடைக்குப் போய் அடித்து வாங்கி வந்தவர் கோபாச்தான். வேறு யாருக்கும் அந்த அக்கறை கிடையாது. முதல் வருஷம் ஜெயித்துவிட்டு ஃப்ளோரிடாவுக்கு ஓடிப்போன ஒருவனுக்கும், டென்டிஸ்டிடம் மயக்க ஊசி போட்டுக்கொண்டு நேரே வந்து ஜெயித்த ஒருவனுக்கும் அவர்தான் தகடு சுமந்தார். வெள்ளிக்கிழமைகளில் பிராந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையை அண்ணாந்து பார்ப்பார். பல்லி பூச்சியைப் பார்ப்பது போல என்று எழுதினேன். பல்லிக்காவது எப்போதாவது பூச்சி கிடைக்கும்.

இந்த ஏப்ரலில் அவர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். எதிரில் கிளெண்டா. உடனே என்ன செய்தார் தெரியுமா? தகட்டைத் தன் பெயரில் முன்கூட்டியே அடித்துவிட்டார்.

"எப்படியும் நான்தான் போயி அடிக்கணும். ரெண்டு தடவ எதுக்கு அலையணும்?" என்று ஹெர்ப்பிடம் ரகசியமாகச் சொன்னார். ஹெர்ப்பிடம் சொல்கிற ரகசியம், சிக்னல் பச்சையாவதற்கு முன்பே தெருமுனையைத் தாண்டிவிடும்.

கிளெண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை பொரித்த மீனுக்கு வரிசை நீளம் என்பதால், தட்டு வரும்வரை பொழுதுபோக்க ஆட ஆரம்பித்தவர். இரண்டு மட்டைகளையும் ஒரே சமயத்தில் அடிப்பார். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் தினமும் முதுகுக்குப் பின்னால் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள் கத்தக் கத்த ஓட்டுகிற பெண்மணியை, ஒரு ஆக்டோபஸ் என்ன பதறவைத்துவிடும்? படித்து ஆடிய மூன்று பேரை அவர் வரிசையாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "சுத்த அதிர்ஷ்டம்" என்று கோபாச் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இறுதி ஆட்டம். அதே மதியம் இறைச்சிக் குலுக்கலையும் ஹெர்ப் வைத்திருந்தார். சீட்டு வாங்கி, எண் வந்தால், கறிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

"ஹெர்ப், இது ஃபைனல்."

"அது பன்னித்தொட, வெர்லின். சனம் எதப் பாக்க வரும்னு நெனைக்கிற?"

ஆளுக்கு மூன்று பந்து, மாறி மாறி. கிளெண்டா முதல் ஆட்டக்காரர், கோபாச் இரண்டாவது. இருவரும் இரண்டு பந்துகள் ஆடி முடித்தபோது கோபாச் கிளெண்டாவைப் போல மூன்று மடங்கு எடுத்திருந்தார். கிளெண்டாவின் கடைசிப் பந்து பாக்கி. பிறகு இவருடைய கடைசிப் பந்து. சட்டைப் பையில் தகடு. அதை மேலோடு தொட்டுக்கொண்டார். பார்த்தேன்.

அப்போது ஹெர்ப் மணியை அடித்து எண்ணை வாசித்தார். குலுக்கலை வாய்க்கு வாய் இகழ்ந்த கோபாச், யாருக்கும் தெரியாமல் ஒரு சீட்டு வாங்கியிருக்கிறார். எண் அவருடையது! முழு ஹாம் ஒன்று, ஹெர்ப் சொன்ன அந்தப் பன்றித்தொடை, எலும்போடு, கைக்குழந்தை அளவுக்கு. போய் வாங்கிக்கொண்டார். ஹெர்ப் போட்டோ எடுத்தார். ஃபிளாஷ் எரியவில்லை என்று மறுபடி எடுத்தார். இந்த இடைவெளியில் கிளெண்டா சிகரெட்டைப் பற்றவைக்க வெளியே போனார்.

கோபாச் திரும்பி வந்தார். பெட்டி முன்னால் யாருமில்லை. பந்து ஓரத்தில் தயாராக நின்றது. கிளெண்டா ஆடி முடித்துவிட்டார் என்று அவர் மனசு தானே முடிவுகட்டிக்கொண்டது. இடுப்பில் தாங்கிய ஹாமைக் கண்ணாடியின் மூலையில் வைத்தார். கையுறையை இழுத்துவிட்டார். காதை அடைத்தார். கிளெண்டாவின் பந்தை இழுத்து விட்டார்.

டூயி வாயைத் திறந்தான். மூடினான். மெல்ல என் பக்கம் சாய்ந்தான்.

"பேசக்கூடாதுல்ல?"

"கூடாது."

"எச்சரிக்கைகூட?"

"அதத்தான் ரெண்டாவதா எழுதியிருக்காரு."

"பெருமூச்சு?"

"உள்ளயே வச்சுக்க."

டூயியின் முகத்தில் அப்படியொரு சாந்தம் வந்தது. சொந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்றுகூட அவன் அப்படி இல்லை.

கஷ்டம் என்னவென்றால், கோபாச் நன்றாக ஆடினார். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. இத்தனை வருஷம் கையுறையும் துணியுமாகப் பூஜை செய்தும் வராத ஆட்டம் அன்றைக்கு வந்தது. இடுப்பால் பெட்டியை இடித்தார். ஒரு மயிரிழை அதிகமாக இடித்திருந்தால் பெட்டி கோபித்துக்கொண்டு மட்டைகளை முடக்கியிருக்கும். முடக்கவில்லை. ஓட்டைக்குள் போகவேண்டிய பந்து, யோசித்துத் திரும்பி வந்தது. ஹாம் மட்டும் கண்ணாடி மேல் ஆடிக்கொண்டிருந்தது.

பாதியில் அவர் எண்களை அண்ணாந்து பார்த்தார். ஏறிக்கொண்டிருந்தது இடது பக்கத்து எண். முதல் ஆட்டக்காரருடையது.

வலது மட்டையை உயர்த்திப் பந்தை அதன்மேல் நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். கடையே நின்றது. அவர் எழுதிய விதிப்படி, பந்தை இழுத்த கணத்திலேயே அவர் தோற்றாயிற்று. இனி ஒவ்வொரு புள்ளியும் கிளெண்டாவுக்கு. கையை எடுத்தால் பந்து உருண்டு போய்விடும், அவமானமும் சீக்கிரம் முடியும். அவர் எடுக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. பிறகு மட்டையைத் தாழ்த்தி, பந்தை உருளவிட்டு, அடித்தார். நேராக ஆக்டோபஸின் வாய்க்குள்.

ஏன் தொடர்ந்தார்? பெருந்தன்மை என்று ஒரு கோஷ்டி சொல்கிறது. நிறுத்தத் தெரியாத மனிதர் என்பது என் கட்சி. இரண்டும் ஒன்றுதான் என்று ஆர்லீன் சொன்னார். அவரை நான் கட்சியில் சேர்க்கவில்லை.

மூன்று பந்துகளும் பறந்துகொண்டிருந்தபோது கிளெண்டா உள்ளே வந்தார். "அது என் பந்துதானே?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவ்வளவு பயிற்சி எங்களுக்கு. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கோபாச்சின் பிராந்தியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் ஆடுறேன்" என்றார்.

கடைசியில் பந்து போயிற்று. எப்போதும் போய்விடும் என்று முன்பே சொன்னேன். அந்தப் பெட்டியில் யாரும் கண்டிராத எண் கிளெண்டாவின் பக்கம் எரிந்தது. கோபாச் காதடைப்பானைக் கழற்றினார். கடை எழுந்து கைதட்டியது.

"என்னோடது பூஜ்யம்" என்றார் கோபாச்.

"அட விடுப்பா. அவங்க பந்த அவங்க ஆடட்டும், உன் பந்த நீ ஆடு. யாருக்கு ஆட்சேபணை?" என்றார் ஹெர்ப்.

"எனக்கு இல்ல, கண்ணு" என்றார் கிளெண்டா.

எல்லோரும் டூயியைப் பார்த்தார்கள். டூயி கையைத் தூக்கினான். "எனக்கும் இல்ல. வாத்தியாருக்கு ஒரு தடவ மன்னிப்பு குடுக்கலாம்." அவன் ஒரு வருஷம் காத்திருந்து கண்டுபிடித்த தண்டனை அது.

கோபாச் நேராகக் கழிப்பறைக் கதவுக்குப் போய், உறையைச் சுவரிலிருந்து கழற்றி வந்து, உரக்க வாசித்தார். தன்மேல் வழக்குப் போட்டவரும் அவரே, வாதாடியவரும் அவரே. மறதி ஒரு சமாதானம் ஆகாது என்றார். டூயிக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்றார். கண்ணாடி மேல் ஹாம் வைத்த குற்றத்தை நாங்கள் மறந்திருந்தோம். அவர் நினைவுபடுத்தினார். ஹெர்ப் ஏதோ சொல்ல வந்தபோது மேஜையைத் தட்டி உட்காரவைத்தார். முதலில் கிளெண்டா பின்வாங்கினார், பிறகு ஹெர்ப், கடைசியில் டூயி. மறுபடி கை தூக்கச் சொன்னபோது அவருக்காக ஒரு கையும் எழவில்லை. முகமெல்லாம் வெற்றி. ஹாமை விட்டால், ஹெர்ப் கடையில் அவர் ஜெயித்தது அது ஒன்றைத்தான்.

பெட்டி, சாதனைக்கு மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் கேட்டது. கிளெண்டா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டதை அடித்தார். ஹாம்.

"தகடு?" என்றான் டூயி, ஒன்றும் தெரியாதவன் போல.

கோபாச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். ஒங்களுக்குப் புதுசா அடிச்சுட்டு வர்றேன்மா."

"புதுசு எதுக்கு?" என்று கிளெண்டா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி சும்மாத்தான கெடக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை கோபாச் அதன் பின்பக்கம் கிளெண்டாவின் பெயரை அடித்துக் கொண்டுவந்தார். யாரையும் தொடவிடவில்லை. ஸ்டூல் மேல் ஏறி, ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வரும்வரை நகர்த்தி நகர்த்தி, தானே திருகினார். அந்தப் பலகையில் நேராக இருக்கும் தகடு அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் கோணல் என்பது அதற்குப் பிறகுதான் எங்கள் கண்ணில் படுகிறது. அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இறங்கி, பிராந்தியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். கோபாச் என்ற பெயர் ஒருவழியாகப் பலகைக்கு ஏறிவிட்டது, சுவரைப் பார்த்தபடி.