மூன்றாவது வயரைப் பிடுங்கியபோது

வேலப்பன்சாவடி சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற பழைய வேன் இருமியது. டுக், டுக், டுக்… பிறகு ஒரு விழுங்கல். கூடவே எரியாத பெட்ரோலின் வாடை. பக்கத்து பைக்கில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் கார்க் கண்ணாடியை இறக்கினேன். மல்லிகை வாசனையில் ஞாபகம் பூக்கிற ஜாதி இல்லை நான். ஆவடி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவன்.

ராணுவத்துக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலை அது. ஓய்வுபெறுகிறவருக்கு மாலை போட்டு, மனைவியோடு வண்டியேற்றி, செக்‌ஷனே கூடப்போய் வீட்டில் இறக்கிவிடுவது வழக்கம். மரியாதைதான். ஆனால் நிர்வாகம் தரும் வண்டி, கேண்டீன் சாம்பார் அண்டா ஏற்றும் வேன். ஆயுள் முழுக்க உழைத்த மனிதர் கழுத்தில் ரோஜா மாலையும் காலடியில் முருங்கைக்காய்ச் சக்கையுமாகப் போய் இறங்குவார்.

ஃபிட்டர் கோதண்டம் மட்டும், "அண்டா கூட நான் போவ மாட்டேன். என் கார்ல நானே ஓட்டிகினு போவேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பட்டாபிராமில் பூர்வீக விவசாயக் குடும்பம். அப்பா எருமை கட்டிய கொட்டகையில் இவர் ஒரு பழைய கறுப்புக் காரை நிறுத்தினார். அதற்கும் நாங்கள் வைத்த பெயர் எருமைதான்.

கடைசி நாள் மதியம், மனைவி சுலோச்சனாவோடு அவர் வண்டி ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது: எருமைக்கு விக்கல். மிதித்தால் குலுங்கியது, விட்டால் நின்றது. சற்றுத் தள்ளி சாம்பார் வேன் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

செக்‌ஷனே திரண்டது. டாங்கி எஞ்சின் டீசலில் ஓடுவது. அதில் பிளக்கும் கிடையாது, தீப்பொறியும் கிடையாது. திணறினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த நோய் அது ஒன்றுதான் என்பதால் பெட்ரோல் காருக்கும் அதே வைத்தியம். குழாயைக் கழற்றி ஊதினோம், உறிஞ்சினோம், துப்பினோம். நானும் ஒரு வாய் குடித்தேன். சாயங்காலம் வரை ஏப்பத்தில் பெட்ரோல்.

சுலோச்சனா பட்டு முந்தானையால் விசிறிக்கொண்டார். "டாங்கி செய்ற ஆளுங்களாம்! ஒரு காரு இரும்புறத நிறுத்தத் தெர்ல. இன்னாய்யா ஃபேக்டரி நட்த்துறீங்கோ?"

"ஏ வே, இது பெட்ரோல் வண்டில்லா!" என்று கத்தினார் பேட்டரி வேலை பார்க்கும் திருநெல்வேலி சுடலைமுத்து. "பிளக்க பாருங்க வே!"

குழாயைக் கீழே போட்டோம். பிறகு எல்லோரும் ஒரே குரலில், "அதத்தான் நானும் நெனச்சேன்."

எஞ்சினை ஓடவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். உழைக்கிற சிலிண்டர் என்றால் சத்தம் தள்ளாடும். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ, அது இவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று அர்த்தம். கோதண்டமே துணியைச் சுற்றிப் பிடுங்கினார். முதல் வயர்: தள்ளாடியது. இரண்டாவது: தள்ளாடியது. மூன்றாவது: ஒரு மாற்றமும் இல்லை.

"இவந்தாம்வே நம்ம ஃபோர்மேன்!" என்றார் சுடலைமுத்து. வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்து பறக்கும்படி சிரித்தோம். கோதண்டம் சிரிக்கவில்லை. வயரைப் பிடித்தபடி, மாறாத அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.

பிளக் கரி பிடித்துக் கிடந்தது. உப்புத்தாளில் தேய்த்து மாட்டியதும் எருமை நிதானமாக அசைபோட ஆரம்பித்தது. சாம்பார் வேன் வெறும் அண்டாவோடு திரும்பியது.

விழாவில் ஃபோர்மேன், "கோதண்டம் இல்லாமல் இந்த செக்‌ஷன் ஒரு நாள்கூட ஓடாது" என்றார். போன மாதம் ஓய்வுபெற்றவருக்கும் இதே வாக்கியம், பெயர் மட்டும் வேறு. கோதண்டம் தலைகுனிந்து மாலையிலிருந்து ஒவ்வோர் இதழாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போது என் காரில் கோளாறென்றால் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒருவர் கணினியைச் சொருகி, கையில் கறை படாமல் குற்றவாளியின் பெயரைப் படிக்கிறார். யாரும் பெட்ரோல் குடிப்பதில்லை. யார் பெண்டாட்டியிடமும் திட்டு வாங்குவதில்லை. கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி. எருமை பழைய இரும்புக்குப் போயிற்று. கோதண்டமும் போய்விட்டார். ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டில் எத்தனையோ முறை டீ குடித்திருக்கிறேன். செக்‌ஷனைப் பற்றி அவர் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை.

அன்றைக்கு விழா முடிந்து கேட்டைத் தாண்டும்போது கோதண்டம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்னை மட்டும் கூப்பிட்டார்.

"நைனா, நாளைக்கி செக்‌ஷன்ல சத்தம் மாறுதான்னு கேளு. மாறிச்சின்னா ஊட்டாண்ட வந்து சொல்லு. மாறலன்னா… சொம்மா டீ குடிச்சிட்டுப் போ."