நான் சுற்றிக் காட்டிய வீடு

எங்கள் சித்தப்பா ஜுருவில் பழைய கார்கள் விற்றுக்கொண்டிருந்தார். கெட்டதை நல்லதாகக் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் ஜார்ஜ்டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, நல்லதைக் கெட்டதாகக் காட்டும் வேலையில் இறங்கினார்.

எங்களுடையது நூறு வயதைத் தாண்டிய கடைவீடு. சொந்தக்காரர் ஒரு சீன முதலாளி; தவுக்கே என்போம். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா பிறந்ததே அந்த மாடியில்தான். பழைய நகரம் பாதுகாக்கப்பட்ட பகுதியான பிறகு, யாரும் திரும்பிப் பார்க்காத எங்கள் தெருவுக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டல்களாகிக்கொண்டிருந்தன. கட்டடங்களை இடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. உள்ளே இருப்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் தவுக்கே விற்றுவிடுவார். நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. "அங்கிள் வந்தா வாயத் தொறக்காம இருக்கணும்" என்று மட்டும் அம்மா சொன்னார். மரியாதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா கூடத்தின் பூப்போட்ட தரைக்கற்கள் மேல் கிழிந்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். ஒரு வாரமாக மழையே இல்லை. ஆனாலும் மாடியில் நான்கு வாளிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் பாதி தண்ணீர் ஊற்றினார். நடுவீட்டில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம் ஜுருவிலிருந்து வந்த பழைய டயர்களால் நிறைந்தது. பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு லீவு போட்டிருந்த அப்பா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டயர் சுமந்தார்.

வந்தவர் மெலிந்த தமிழர். மெதுவாகப் பேசினார். சித்தப்பா முந்திக்கொண்டார்.

"கரையான் அரிச்ச வீடு லா, சார். மழை பேஞ்சா உள்ளயே குளிக்கலாம்."

அம்மாவும் தன் பங்குக்குப் பாம்பு, எலி என்று அடுக்கினார். வந்தவர் வாளிகளைப் பார்த்தார், டயர்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் வீட்டைப் பற்றி நாமே வெளியாளிடம் இப்படியா குறை சொல்வது? அவர் படியிறங்கத் திரும்பியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஒழுகாது, அங்கிள். அந்த வாளியெல்லாம் சித்தப்பா காலையிலதான் வச்சாரு."

அதன் பிறகு என்னை நிறுத்த யாராலும் முடியவில்லை. மாடி முன்னறையில் தரைப் பலகை ஒன்றைத் தூக்கி, கீழே வாசலில் நிற்பவரைப் பார்க்கும் ஓட்டையைக் காட்டினேன். "யாருன்னு பாத்துட்டுத்தான் கதவத் தொறப்போம்" என்று விளக்கமும் கொடுத்தேன். கூடத்துக்கு அழைத்துப்போய் விரிப்பைச் சுருட்டினேன். அலமாரிக்குப் பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் மஞ்சளுக்கு அடியில் பச்சையும் பச்சைக்கு அடியில் நீலமும் தெரிவதைத் தொட்டுக் காட்டினேன். அவர் படம் எடுத்துக்கொண்டே, "வேற என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவு ஆசையாக என்னிடம் யாரும் அதுவரை எதையும் கேட்டதில்லை. காப்பி கலக்கப் போன அம்மா வெகுநேரம் வரவே இல்லை.

அவர் போனதும் சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"விடுடா. புள்ள உள்ளதத்தானே சொல்லுச்சு."

சித்தப்பா டயர்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த வருடம் முடிவதற்குள் நாங்களும் கிளம்பி, அடுக்குமாடி வீடு ஒன்றின் பதினோராவது மாடிக்குக் குடிபோனோம். அதற்காக அப்பாவோ அம்மாவோ ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "அவருக்குக் காட்டினியே, அப்பாவுக்கும் காட்டு" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து ஆரம்பித்தேன். நான் சொன்னதையெல்லாம் புதிதாகக் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்த்தார். மாடிப்படியில் எத்தனை படிகள் என்றுகூட என்னிடம் கேட்டார். பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவருக்கு இதெல்லாம் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதனால் அவசரப்படாமல், எல்லாவற்றையும் இரண்டு தடவை காட்டினேன்.