குடிலுக்குப் போன எட்டுத் தாள்

றொனி லீவில் வரும்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குள் நுழைந்ததும் சிலுவை போட மாட்டான். நடுவில் நின்று ஒரே ஒரு சுரத்தை இழுத்துப் பாடி, அது சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்பான். இருபது வருடமாக அக்கா அற்புதமலர் இதைப் பார்த்து வருகிறாள்.

இலங்கை மலைநாட்டில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து அந்தக் கோயிலைக் கூட்டித் துடைப்பது அவள்தான். அங்கே அலமாரியில் கிடந்த பழைய பாட்டுப் புத்தகம்தான் தம்பியை ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோனது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்தது. கையால் எழுதிய லத்தீன் பாட்டுகள். கொழும்பில் படிக்கும்போது றொனி அதைப் படமெடுத்துப் போனான். பிறகு ஐரோப்பாவின் பழைய கோயில் இசையையே ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறான்.

போன ஆகஸ்டில் தான் எழுதிய புத்தகத்தோடு வந்தான்.

“எனக்குப் புரியிற மாதிரி சொல்லுடா.”

“நம்ம கோயில் புத்தகத்துல கடைசி எட்டுத் தாள் இல்லக்கா. செத்தவங்களுக்குப் பாடுற பாட்டுன்னு முன்பக்கத்துப் பட்டியல்ல இருக்கு. கத்தியால நேரா வெட்டியிருக்கு, அடி ஓரம் மட்டும் எட்டு நிக்குது. தோட்டத்து ஆளுங்களுக்கு இது எதுக்குன்னு சாமியாரே வெட்டிட்டாருன்னு எழுதியிருக்கேன். இத வச்சுத்தான் என்னையப் பேராசிரியரா போடப் போறாங்க.”

அற்புதமலர் அவன் புத்தகத்தை மூடி வைத்தாள். வெட்டியது அவள்தான். றொனி பதுளையில் விடுதியில் தங்கிப் படித்த வருடம், கிறிஸ்துமஸ் பாலன் குடிலுக்கு மலை செய்யச் சீமெந்துப் பைத் தாள் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டுப் புத்தகத்தின் தாள் நல்ல கெட்டி. யாருக்கும் வாசிக்கத் தெரியாததுதானே என்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் பின்பக்கத்தை அறுத்தெடுத்து, நனைத்துக் கசக்கி, தேயிலைச் சாயம் பூசினாள். மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் வைக்கோலோடு கொளுத்திவிட்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செத்துப்போன மனுசன் மேல் அல்லவா பழி? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவன் புறப்படும் காலையில் சொல்லிவிட்டாள்.

“வெளையாடாதக்கா.”

“மாதா மேல சத்தியமா, நான்தான்டா.”

அவன் கட்டிய பெட்டி மேலேயே உட்கார்ந்தான். “மலை நல்லா வந்துச்சா?” என்றான்.

“எல்லாரும் மெச்சுனாங்க.”

“வேலை கெடைக்கட்டும். அது வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத. பிழைன்னு நானே எழுதிடுறேன்.”

தன் பாவத்தை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாள். தம்பியைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவனாவது தெரியாமல் இருந்திருப்பானே என்று இப்போது அதற்கும் சேர்த்து வேகிறாள்.

மார்ச்சில் றொனி பேராசிரியர் ஆனான். பிழை என்று இன்னும் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை. அவனுடைய மாணவர்கள் அந்தச் சாமியார்தான் பாட்டை வெட்டினார் என்று படித்துக்கொண்டிருக்கிறார்கள்.