முனியாண்டி குதிரையின் சிவப்புக் கோடு

முனியாண்டி கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் பானையோடு போன பூங்காவனம், போன வேகத்தில் திரும்பி வந்தாள். அவள் புருஷன் மருதமுத்து எட்டிப் பார்த்தான். பானைக்குள் அரிசி அப்படியே இருந்தது. கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்துகூட அவிழவில்லை.

"என்ன, அடுப்பு கிடைக்கலையா?"

"அடுப்பெல்லாம் காலியாத்தான் கிடக்கு. நம்ம பானைதான் வேணாமாம். குதிரைக் கால்ல மாட்டு ரத்தம் பூசினவன் வீட்டுப் பானை கோயிலுக்கு ஆகாதுன்னு கோயில் தலைவர் கத்தறாரு. அத்தனை சனமும் என்னையே பார்க்குது."

மருதமுத்துவுக்குக் காதுமடல் ரெண்டும் கொதித்தன. பானையை வாங்கி நடுக்கூடத்தில் வைத்தான்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். ஜப்பான்காரன் காலத்தில் பசி தாங்காமல் மலாக்காவுக்கு நடந்தே வந்து, ஆற்று முகத்துவாரத்தில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் படகுப் பட்டறையில் தண்ணீர் இறைக்கும் கூலியாகச் சேர்ந்தான். பண்டார் ஹிலிர் திடலில் நாட்டுக்குச் சுதந்திரம் வரும் தேதியை அறிவித்த இந்த வருஷத்தோடு பதினாலு வருஷம் ஆகிறது. இன்றைக்குப் பலகை இணைக்கும் வேலை எதுவானாலும் தவுக்கே அவனைக் கேட்காமல் கை வைப்பதில்லை.

அவன் குடியிருக்கும் காஜா பேராங்கில் முனியாண்டிக்குக் கூரை கிடையாது. மரத்தடியில் சூலம், அதன் எதிரே ஆள் உயர மரக்குதிரை. வெயிலும் மழையும் அதன் தலையில்தான். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் குதிரை ஏதாவது ஒன்றை உதிர்க்கும். போன வருஷம் காது. இந்த வருஷம் முன்னங்கால். காலை யாரும் கேட்காமலே மருதமுத்து போய் ஒட்டிக் கொடுத்தான். அதுவும் படகுக்குப் போடும் பசையால். அது ரெண்டு டின்னில் வரும். ஒன்றில் கருஞ்சிவப்புப் பாகு, மற்றதில் மாவு. மரத்தை இழைத்து, இடைவெளி இல்லாமல் பொருத்தி, ரெண்டையும் கலந்து பூசி, ஒரு ராத்திரி இறுக்கிக் கட்டிவிட்டால் கடலில் கிடந்தாலும் விடாது. ஒரே குறை, ஒட்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். பெயிண்ட் வருவதற்குள் தலைவர் கண்ணில் பட்டுவிட்டது.

கெண்டி, கோணிப்பை, வாளியோடு அவன் கிளம்பியபோது பக்கத்து வீட்டுச் செட்டிக்காரர் பொன்னுதுரை வேலி ஓரம் நின்றார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிய வம்சம்; நெற்றி நிறையத் திருநீறு, வாயில் மலாய்தான் வரும். "ஜாங்கான் மாரா, அண்ணே," என்று தோளைத் தொட்டார். கோபப்படாதே என்று சொன்னால் கோபம் போய்விடுமா? மருதமுத்து நிற்கவில்லை. பொன்னுதுரை ஒரு கட்டு விறகைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பூங்காவனமும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

கோயில் தலைவர் கலியாணசுந்தரம் ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருப்பவர். வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. "உன் வீட்டுப் பானையே வேணாம்னு சொல்லி அனுப்பினேனே, நீ எதுக்கு வந்தே?" என்றார்.

"ரத்தம்னு சொன்னது நீங்கதானே, தலைவரே?"

"பின்ன, கோடு சிவப்பா இருக்கே, குங்குமமா?"

"ரத்தமோ, மாட்டுப் பசையோ, எதுவா இருந்தாலும் வெந்நியில கரையும். கரைஞ்சுதுன்னா நானே சூலத்துக்கு முன்னால செருப்பைத் தலையில வெச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போறேன்."

பொங்கல் அடுப்பிலேயே தண்ணீர் காய்ந்தது. மருதமுத்து கோணிப்பையைக் குதிரைக் காலில் சுற்றிக் கட்டி, கெண்டி கெண்டியாகக் கொதிநீரை ஊற்றினான். அரை மணி நேரம் ஊற்றினான். சனம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. பையை அவிழ்த்தான். கோடு அதே சிவப்பில் இருந்தது. ஒரு சொட்டுச் சாயம்கூட இறங்கவில்லை.

"காலைப் பிடிச்சு இழுங்க, தலைவரே."

"நானா?"

"ரத்தத்தைக் கண்டுபிடிச்சவர் நீங்கதானே. இழுங்க."

தலைவர் இழுத்தார். குதிரையே ஆடியது. கால் அசையவில்லை. யாரோ பெண்பிள்ளை சிரித்துவிட்டாள்.

மருதமுத்து அதோடு விட்டிருக்கலாம். ஆனால் திரும்பி வந்த பானை கண்ணுக்குள்ளேயே நின்றது. "அந்தக் காதை ஒட்டினது யாரு?"

"நான்தான். கடையில கட்டியா விக்கிற வஜ்ஜிரம் வாங்கிட்டு வந்து, நானே காய்ச்சி ஒட்டினேன். நல்ல சாமான்."

ஈரக் கோணியைக் காதில் சுற்றினான். நாலாவது கெண்டிக்குக் காது தளர்ந்தது. ஐந்தாவதற்குப் பெயிண்ட் வெடித்து, பழுப்பாக ஏதோ நூல் நூலாக வழிய, காது கழன்று அவன் கைக்கு வந்தது. தோல் வேகிற நாற்றம் கோயில் முழுக்க அடித்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள்.

"வஜ்ஜிரம் எதுல செய்யுறதுன்னு தெரியுமா, தலைவரே? தோலு, எலும்பு. எந்தத் தோலுன்னு நான் சொல்லணுமா? போன வருஷத்துல இருந்து சாமி குதிரைக் காதுல மாட்டை ஒட்டி வெச்சது யாரு?"

கலியாணசுந்தரத்தின் முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா..."

"தெரியாம செஞ்சீங்க, சரி. தெரியாமதானே என் பொண்டாட்டியையும் விரட்டுனீங்க?"

தலைவர் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

"கேக்கல. காலையில சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. இது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல."

"தப்பாச் சொல்லிட்டேன்!" என்று தலைவர் உரக்கச் சொன்னார். "மருதமுத்து வீட்டுப் பானைதான் இந்த வருஷம் முதல்ல பொங்கணும். பூங்காவனம், போய் எடுத்துட்டு வாம்மா."

மருதமுத்துவின் முகம் அப்பவும் இளகவில்லை. அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூங்காவனம் முன்னால் வந்தாள்.

"என்னைத் திருப்பி அனுப்புனது நீங்க. நானா எடுத்துட்டு வர மாட்டேன். பானை எங்க வீட்டு நடுக்கூடத்துல இருக்கு. வாசல் திறந்துதான் கிடக்கு."

கலியாணசுந்தரம் சனத்தைப் பார்த்தார், காதில்லாத குதிரையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானை இருந்த வீட்டை நோக்கி நடந்தார்.