வயருக்குப் பூசிய சந்தனம்

யுத்தம் வந்த பிறகு ரப்பர் என்று பெயருள்ள எதுவும் லேசில் கிடைப்பதில்லை. ராஜபாளையத்தில் கார் வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் பானட்டைத் திறந்து காட்டி, "இந்த வயர் இன்னும் எம்புட்டு நாள் தாங்கும்?" என்று கேட்கிறார்கள். நானும் வைத்தியர் நாடி பிடிப்பதுபோல முகத்தை இறுக்கிக்கொண்டு, வயரை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து ஏதோ சொல்கிறேன். பக்கத்தில் என் அக்கா இருந்தால் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இந்த வித்தையை நான் எதைப் பணயம் வைத்துக் கற்றேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய உத்தியோகத்தைத்தான்.

அப்போது நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பியான என் மாமாவிடம் வாடகைக்கு ஓடும் அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. பல கை மாறி வந்த, துணிக் கூரை போட்ட வண்டி. மாமா அதை அனுபவத்தால் ஓட்டினார். நான் அதைப் புத்தகத்தால் ஓட்டினேன். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் மோட்டார் புத்தகம் எப்போதும் என் கக்கத்தில் இருக்கும். அதில் வயர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. படம் இல்லாததால் அதைத் தாண்டிவிட்டேன்.

ஆனால் பொறி எப்படி உண்டாகிறது என்ற அத்தியாயத்தில் படம் இருந்தது. ஆகவே அதை வீட்டில் எல்லோருக்கும், கேட்டவர் கேளாதவர் என்ற வித்தியாசமில்லாமல், விளக்கினேன். பாட்டரியில் இருக்கும் மின்சாரம் பரம சாது. காயில் என்ற டப்பாவுக்குள் நுழைந்து வந்ததும் அதற்கு வெறி பிடித்துவிடுகிறது. அந்த வெறியை டிஸ்ட்ரிபியூட்டர் முறை வைத்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் நாலு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, நீர்ப்பாய்ச்சி வேலை பார்ப்பவன் கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகத் திறந்துவிடுவது மாதிரி. வாய்க்கால்தான் வயர். உள்ளே செம்புக் கம்பி, அதன்மேல் கனத்த ரப்பர், அதற்கும் மேலே வார்னிஷ் பூசிய நூல் உறை. வரப்பு நன்றாக இருந்தால் தண்ணீர் தன் வயலுக்குப் போகும். வரப்பு வெடித்திருந்தால் பள்ளம் கண்ட பக்கம் பாயும். இந்தக் கடைசி வாக்கியம்தான் நான் தாண்டிய அத்தியாயத்தில் இருந்தது. அதைப் பிற்பாடு சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன்.

அக்கா ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சுந்தரபாண்டியத்தில் தோப்பும் துரவும் உள்ள ஒரு மாப்பிள்ளையை அப்பா பார்த்து வைத்திருந்தார். அக்காவுக்கு அந்தத் தோப்பிலும் விருப்பமில்லை, துரவிலும் விருப்பமில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை. கடைசியில் அப்பா ஒரு கெடு வைத்தார்: "விஜயதசமிக்குள்ள வேலை கெடச்சா நான் வாய் தொறக்க மாட்டேன். கெடைக்கலன்னா மறுநாளே சுந்தரபாண்டியத்துக்கு ஆளனுப்பிருவேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை கிறிஸ்தவ அம்மாள். வெள்ளைப் புடவையும் கடிகாரமுமாக இருப்பவர். விஜயதசமியன்று ஊரார் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பதால் அன்று அவர் பள்ளியை மூடுவதில்லை. ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டும். "முதல் மணி அடிக்கும்போது நீ நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்கு ஆளனுப்பிவிடுவேன்" என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தார். ரயில் அந்த நேரத்துக்குத் தோதுப்படாது, பஸ்ஸை நம்ப முடியாது. மாமாவின் கார்தான் கதி.

விஜயதசமிக்கு முதல்நாள் ஆயுத பூஜை. மாமா வருஷா வருஷம் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்து, முன்னால் ஒரு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். எனக்கு அது படிக்காதவர்கள் செய்யும் பூஜையாகப் பட்டது.

"மாமா, பூசைன்னா உயிர் இருக்க எடத்துக்குப் போடணும். சக்கரத்துல என்ன உயிர் இருக்கு?"

"பொறவு எங்கலே இருக்கு?"

"இன்ஜின்ல. இன்ஜினுக்கு உயிர் பொறி. பொறி போற பாதை வயர்."

மாமா யோசித்தார். "அப்பிடியா? அப்பன்னா அதுக்கே போடு. நல்லாப் போடு மாப்ள, கஞ்சத்தனம் பண்ணாத."

நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. முதலில் இன்ஜினுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். பிறகு அரைத்த சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு வயருக்கும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அப்பினேன். பிளக்குக்குப் பிளக்கு குங்குமம் வைத்தேன். வயர்கள் ஆளுக்கொரு பக்கம் தொங்குவது ஒழுங்கீனமாகத் தெரிந்ததால் நாலையும் சேர்த்து, நனைந்த பூச்சரத்தால் சுற்றி, இன்ஜின்மேல் படியப் படியக் கட்டினேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணப் பொண்ணு சடை மாதிரி இருக்குலே" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பூஜை போட்ட வண்டியை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு. வண்டியை ஒரு தரம் ஓட்டிப் பார்த்திருந்தால் என் பக்தி அன்று மாலையே சந்தி சிரித்திருக்கும். வழக்கம் என்னைக் காப்பாற்றியது, விடியும் வரைக்கும். இரவெல்லாம் மலைப் பக்கமிருந்து சாரல். ஓலைக் கொட்டகையில் வண்டி சந்தனக் காப்போடு ஈரம் குடித்துக்கொண்டு நின்றது.

காலையில் அக்கா புதுப் புடவையும், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலுமாக ஏறி உட்கார்ந்தாள். மாமா ஹாண்டில் போட்டுச் சுற்றினார். வண்டி இருமியது. மறுபடியும் சுற்றினார். தும்மியது. பிறகு ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

"சாமி கும்பிட்ட மறுநாள் அதுக்கும் செத்த சோம்பல் இருக்கும்லா" என்றார் மாமா. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. புறப்பட்டோம்.

ஊரைத் தாண்டும்போதே வண்டி நொண்டியது. தட்டையான இடத்தில் எப்படியோ தள்ளிக்கொண்டு போய், கண்மாய்க் கரை ஏற்றத்தில் நாலு உதறு உதறி நின்றுவிட்டது.

நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் புத்தகம் படித்தவனுக்கு நின்ற வண்டிதானே வண்டி! "பெட்ரோல் அடைப்பு" என்று சொல்லிக் குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். அடைப்பு இல்லை. அது தெரிந்தபோது என் வாயில் பெட்ரோல்தான் இருந்தது. துப்பிவிட்டு மற்ற பாகங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். மாமா ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றி வியர்த்தார்.

பஸ் வந்தது. அக்கா ஓடிப்போய்க் கையைக் காட்டினாள். விஜயதசமிக் கூட்டம், படியில்கூட ஆள்.

"ஒத்தக் கால் வைக்க எடமில்ல தாயி!" என்று கண்டக்டர் கத்தினான்.

பஸ் கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "பின்னால ரெண்டு ஆள் நின்னு தள்ளுங்கய்யா, பூசை போட்ட வண்டி, மரியாதைக்காவது நகரும்!" என்றார். பஸ் சிரிப்போடு போய்விட்டது.

அக்கா திரும்பி வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. என் முன்னால் நின்று, பாடம் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏலே, முந்தாநாள் இது ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"நேத்து யாரு இதைத் தொட்டது?"

"நான்."

"ஒனக்குப் பொறவு?"

"யாருந் தொடல."

"அப்ப எதுக்குலே கொழாய ஊதுத? ஒன்னயல்லா ஊதணும்!"

"அக்கா, வயர்ல ஒண்ணுமில்ல, பாரு" என்று நிரூபிப்பதற்காக ஒரு வயரைப் பிடித்தேன். அதே நேரம் மாமா ஹாண்டிலைச் சுற்றினார். முழங்கை வரைக்கும் சம்மட்டியால் அடித்தது மாதிரி இருந்தது. பின்னால் துள்ளியதில் தலை பானட்டில் மோதியது. நல்ல ரப்பர் இருந்தால் மின்சாரம் வெளியே வரக்கூடாது. வந்திருக்கிறது. ஆகவே வரப்பு வெடித்திருக்கிறது. தாண்டிப் போன அத்தியாயத்தை வண்டியே எனக்கு வாசித்துக் காட்டிவிட்டது.

எந்த இடத்தில் கசிகிறது என்று பார்க்க இருட்டு வேண்டும். காலை வெயில் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. பின்சீட்டில் மாமாவின் ஜமக்காளம் கிடந்தது. அதை இன்ஜின்மேல் போர்த்தி அதற்குள் நானும் அக்காவும் தலையை விட்டுக்கொண்டோம். மாமா சுற்றினார்.

அந்த இருட்டைப் போல அழகான காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் பூசிய சந்தனம் முழுக்க நீல இழைகள் புழுப் போல நெளிந்து ஓடின. பூச்சரத்தில் ஒரு வயரிலிருந்து இன்னொரு வயருக்குத் தாவின. பிளக்குக்குப் போகவேண்டியது எல்லாம் வழியிலேயே திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தது.

"தீவாளி முன்னாடியே வந்துருச்சு" என்றாள் அக்கா, என் காதுக்குப் பக்கத்தில்.

வெளியே ஒரு மாட்டுவண்டி நிற்கும் சத்தம் கேட்டது. "என்னய்யா, வேது புடிக்கியளா? சளி காருக்கா, ஆளுக்கா?"

"ரெண்டுக்குந்தான். நீங்க போங்க" என்றார் மாமா.

ஜமக்காளத்தை எடுத்து எறிந்தோம். பூச்சரத்தை அறுத்தேன். புதுத் துண்டால் சந்தனத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நூல் உறை சிம்பு சிம்பாக வந்தது. அடியில் ரப்பர், கோடையில் வெடித்த கண்மாய்த் தரை. வளைத்தால் நொறுங்கியது. எண்ணெயும் சூடும் அதை எப்போதோ தின்றுவிட்டன. உலர்ந்திருந்தவரைக்கும் சமாளித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நான் ஈரத்தால் வழி காட்டியிருக்கிறேன். மூன்று வயர் ஒப்பேறின. நாலாவதில் செம்பே தெரிந்தது. அது இன்ஜின் இரும்பை ஒட்டிக் கிடந்தது. இரும்பிலிருந்து அதைத் தள்ளி அந்தரத்தில் நிறுத்த வேண்டும். குச்சி ஈரம், கயிறு ஈரம். ரோட்டோரத் தந்திக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். கம்பியை மரத்தில் படாமல் தாங்கிக்கொண்டு வெள்ளைப் பீங்கான் குமிழ்கள். பீங்கானுக்கு எங்கே போவேன்? திரும்பினால் அக்காவின் கை.

"அக்கா, வளையல் குடு. கண்ணாடி மின்சாரத்தை விடாது."

மாமாதான் பதறினார். "நல்ல காரியத்துக்குப் போற புள்ள கைய மூளியாக்காதலே!"

"இடது கையில இருக்கு மாமா, போதும்" என்று அக்கா வலது கையிலிருந்து இரண்டு வளையலைக் கழற்றினாள். தலைக் குஞ்சத்தையும் அவிழ்த்துக் கொடுத்தாள். வளையலுக்குள் வயரைக் கோத்து, வளையலைக் குஞ்சத்தால் பானட் கம்பியில் கட்டினேன். இன்ஜினுக்குள் ஊஞ்சல் கட்டியது போல இருந்தது. மாமா சுற்றினார். முதல் சுற்றிலேயே நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்டபோதும் அக்கா கையெடுத்துக் கும்பிடவில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது மணி அடித்து முடிந்திருந்தது. தலைமை ஆசிரியை தாழ்வாரத்தில் நின்று பியூனிடம் ஒரு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பெண்ணின் விலாசம். அவரைச் சுற்றிப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் விதவிதமான சுருதியில் அழுதுகொண்டிருந்தன.

"மணி அடித்தாகிவிட்டது" என்றார்.

அக்கா ஏதாவது பொய் சொல்லக்கூடாதா என்று எனக்கு இருந்தது. அவள் நேராகச் சொன்னாள்: "ஆமா டீச்சரம்மா. என் தம்பி கார் வயருக்கெல்லாம் சந்தனம் பூசிட்டான். அதைத் தொடச்சிட்டு வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தன. முகமெல்லாம் கரி, சட்டையெல்லாம் சந்தனம், தலையில் குங்குமம், ஓர் ஆள் தூரத்துக்குப் பெட்ரோல் வாடை. முன்னால் நின்ற ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தி, என்னைக் காட்டிக் களுக்கென்று சிரித்தது. அடுத்தது சிரித்தது. தாழ்வாரமே சிரித்தது. என் வாழ்க்கையில் நான் ஒரு சபையை அவ்வளவு சீக்கிரம் தேற்றியதில்லை.

"இவனை எவ்வளவு காலமாகப் பார்த்துக்கொள்கிறாய்?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"பொறந்ததுலேர்ந்து டீச்சரம்மா."

"அப்படியானால் ஒன்றாம் வகுப்பு உனக்குக் கஷ்டமாக இருக்காது. பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போ."

பியூன் விலாசத்தை மறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்பா வாய் திறக்கவில்லை. சுந்தரபாண்டியத்து மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பண்ணியிருந்தால் அவருடைய மோட்டார் பம்பையும் நான் குளிப்பாட்டியிருப்பேன். அந்த வகையில் அவர் தப்பித்தார். மாமா மதுரையிலிருந்து புது வயர் வரவழைத்தார். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், நாலும் ஒரே வயசு, நாலையும் மாற்றுங்கள் என்று தாண்டிய அத்தியாயத்தை அன்று உட்கார்ந்து படித்துவிட்டுச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். ஆனால் பழைய வயரோடு வளையலையும் எடுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார்.

"அதைத் தொடாத. ஒங்க அக்காவுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அதான்."

இன்று எங்கள் ஊரில் பல வாடகைக் கார்களின் பானட்டுக்குள் கண்ணாடி வளையல் தொங்குகிறது. பூஜையைத் திருத்தப் புறப்பட்டவன் புதிதாக ஒரு சம்பிரதாயத்தை ஏற்படுத்திவிட்டேன்.

ஆகவே யாராவது என்னிடம் வயரைப் பற்றிக் கேட்டால் ஒழுங்காகவே சொல்கிறேன். வளைத்துப் பாருங்கள், விறைத்து வெடித்தால் அதன் காலம் முடிந்தது. மழைக்காலத்துக் காலையில் கிளம்ப அடம் பிடித்தால், ஏற்றத்தில் உதறினால், முதல் சந்தேகம் வயர்மேல் இருக்கட்டும். போர்வைக்குள் தலையை விட்டு நீலம் தெரிகிறதா பாருங்கள். ரப்பர் கிடைக்கும் வரை உலரத் துடைத்து, இரும்பில் படாமல் வையுங்கள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, போன வாரம் ஒருவர் பானட்டை மூடாமலே நின்றார்.

"அதெல்லாஞ் சரி. வளையலை எந்தப் பக்கம் கட்டணும்?"

அக்கா அங்கேதான் இருந்தாள். இந்தத் தடவை அவள் திரும்பிக்கொள்ளவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம்" என்றேன்.